சைக்கிள் டியூப் சுற்றிய துடுப்பு

எனலெசியின் துணிக்கொடியிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டும். துணியை முறுக்கிப் பிழிந்தால் கட்டைவிரலின் அடிமூட்டில் ஊசி இறங்கும். சோளம் உதிர்க்கும்போதும், உப்பு பாட்டில் மூடியைத் திருகும்போதும் அதே இடம்தான்.

“எனலெசி, உங்க கொடியில மட்டும் மழை பெய்யுதா?” என்று ஒருநாள் பக்கத்து வீட்டு ஃபைடெசி கேட்டேவிட்டாள். வெயில் எதற்கு இருக்கிறது என்று எனலெசி சமாளித்தாள்.

சாவு வீட்டுப் பானையை அப்படிச் சமாளிக்க முடியாது. ஊரில் யார் செத்தாலும் பெண்கள் அவரவர் துடுப்போடு போய், முறைபோட்டுச் சோளக்களி கிண்ட வேண்டும். கிண்டாதவள் வீட்டில் சாவு விழுந்தால் அடுப்பு மூட்ட ஆள் வராது. போன சாவுக்கு எனலெசி காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். இப்போது ஊர்த் தலைவரின் அக்கா போய்விட்டாள். மறுபடியும் காய்ச்சல் என்றால் யார் நம்புவார்கள்?

அவள் கணவன் லோஜாசி, கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஊரிலேயே வந்து வாழ்பவன். அதிகம் பேசமாட்டான். வலியைப் பற்றி அவனிடம் அவள் சொன்னதில்லை. ஆனால் தேநீர்க் குவளையை அவள் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்துவதை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். சாவுச் செய்தி வந்ததும் பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாக வெட்டினான். அவளுடைய துடுப்பின் காம்பில், சோளக்கதிர் பருமனுக்கு இறுக்கிச் சுற்றினான்.

“கால் ஒடிஞ்சவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கு. எல்லாரும் சிரிப்பாங்க.”

“மெலிசா இருந்தா விரல்தான் இறுக்கிப் பிடிக்கணும். இப்ப உள்ளங்கையே பிடிச்சுக்கும். சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க.”

சிரிக்கத்தான் செய்தார்கள். எனலெசி தலைநிமிராமல் கிண்டினாள். மூட்டு முனகியது, ஆனால் கடிக்கவில்லை. களி இறுகி, துடுப்பை நகர்த்தவே முடியாமல் போனபோதுதான் கை நின்றது. சட்டென்று ஃபைடெசி எழுந்துவந்து துடுப்பை வாங்கிக்கொண்டாள். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று எனலெசிக்கு முகம் வெந்தது.

ஃபைடெசி மிச்சத்தைக் கிண்டி முடித்தாள். காம்பைத் தடவிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

“என்னோடதுக்கும் இப்படிச் சுத்தித் தரச் சொல்லு. எனக்கும் இதே எலும்புதான். நான் துணியக் கல்லுல போட்டு மிதிச்சுத்தான் தண்ணி எடுக்கிறேன்.”

மறுநாள் காலை லோஜாசியின் வாசலில் மூன்று துடுப்புகள் சாய்ந்திருந்தன. டியூபுக்கு எங்கே போவது என்று முணுமுணுத்தபடியே அவன் உட்கார்ந்தான். நாடாவின் ஒரு நுனியை எனலெசி பிடித்துக்கொண்டாள், உள்ளங்கையால்.