சிட்னி முதல் மெல்பேர்ன் வரை, ஐந்து முறை பெற்றோல்

விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற பயணத்துக்கு ஒரு முழு நாளைச் செலவழித்தது ஏன் என்று கேட்பீர்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், இரண்டு நகரங்களையும் இணைக்கும் ஹியூம் நெடுஞ்சாலையைப் பார்க்க ஆசைப்பட்டார். எனக்கும் அவரோடு தனியாகப் பேச ஒரு காரியம் இருந்தது.

அத்தானுக்கு வெள்ளவத்தையில் பேக்கரி. 2022இல் இலங்கையின் பொருளாதாரம் விழுந்தபோது கேஸ் இல்லை, மா இல்லை, மின்சாரம் இல்லை. பாண் சுடுகிற போறணை அணைந்ததோடு கடையைப் பூட்டியவர் இன்னும் திறக்கவில்லை. இப்போது கட்டட உரிமையாளர் வேறு ஆளுக்குக் கொடுக்கப்போவதாக நெருக்குகிறார். இன்னொரு பக்கம், மெல்பேர்னின் ரோவில்லில் பேக்கரி நடத்தும் அவருடைய நண்பர் வேலையும் விசாவுக்கு ஸ்பொன்சரும் தருவதாகச் சொல்கிறார். மெல்பேர்ன் போய்ச் சேர்ந்ததும் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது கொழும்பில் இருக்கும் அக்காவின் கட்டளை. வழியிலேயே அவர் மனதைக் கரைத்து இங்கே இருக்கச் சொல்வதுதான் என் திட்டம். அக்காவும் இந்த நாட்டுக்கே வந்துவிடுவாளே!

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஐந்தரைக்கு, டாங்கி நிறைய பெற்றோலுடன் சிட்னியில் நான் இருக்கும் செவன் ஹில்ஸிலிருந்து புறப்பட்டோம். இரண்டு மணி நேரத்தில் கோல்பர்ன். அங்கே வீட்டைவிட உயரமான கொங்கிரீட் செம்மறியாடு ஒன்று நிற்கிறது. நான் ஆட்டைப் படம் எடுக்க, அத்தான் பக்கத்துப் பெற்றோல் நிலையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சுபா, இதிலை அடிப்பம்."

"முக்கால் டாங்கி கிடக்கு அத்தான்."

"கிடக்கட்டும். முன்னுக்கு இல்லாட்டி?"

குண்டகையில் மறுபடியும் அடித்தோம். ஹோல்புரூக்கில் மூன்றாம் முறை. கடலே இல்லாத அந்த ஊரில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலை வைத்திருக்கிறார்கள். அதைக்கூட மனுசன் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அத்தான், இது அவுஸ்திரேலியா. இங்கை பெற்றோலுக்குக் கியூ இல்லை."

"தெரியும். அங்கையும் இப்ப கியூ இல்லை. எல்லாம் கிடைக்குது. ஆனா ஒரு ஸ்டேசனைக் கண்டிட்டு விட்டிட்டுப் போக எனக்கு மனம் வருகுதில்லை. டெலிவரி வானுக்குள்ளை ரெண்டு நாள் படுத்தனான் சுபா, பெற்றோலுக்கு."

நாடு எழும்பிவிட்டது, இவர் இன்னும் அந்த வரிசையிலேயே நிற்கிறார். இந்தப் பயத்தோடு எப்படிக் கடை திறப்பார்? இங்கே இருப்பதுதான் அவருக்கு நல்லது என்று முடிவுகட்டினேன்.

அல்பரியில் இறைச்சி வைத்துச் சுட்ட பை இரண்டு, கோப்பி இரண்டு, முப்பத்திரண்டு டொலர். நான்காம் முறை பெற்றோல். மெல்பேர்னை நெருங்கும்போது வோலனில் ஐந்தாம் முறை. நேரே ரோவில் போகாமல், கியூ என்ற பகுதியில் ஆற்றை ஒட்டி வளைந்து போகும் யாரா புலவார்டு என்ற சாலைக்குக் காரைத் திருப்பினேன். நண்பர் வீட்டுக்குப் போக முன்னர் பேச்சை எடுக்க வேண்டுமே.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "1930களிலை உலகம் முழுக்கப் பொருளாதாரப் பெருமந்தம் வந்த நேரம், வேலை இல்லாத ஆக்களைக் கொண்டு வெட்டின ரோட்டு இது" என்றேன்.

அத்தான் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். மலைச்சரிவை அண்ணாந்து பார்த்தார்.

"பின்னேரம் வீட்டை போகேக்கை அவங்கள் என்ன வாங்கியிருப்பாங்கள்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"பாண்தான். வேறை என்ன? அப்ப ஆரோ ஒருத்தன் கடையைத் திறந்து வைச்சிருந்திருக்கிறான். அவனும் பயந்து பூட்டியிருந்தா, இவங்கள் உழைச்சும் என்ன பிரயோசனம்?"

பிறகு போனை எடுத்து அக்காவை அழைத்தார்.

"கடையை விடாதையும். நான் வாறன், போறணையை மூட்டுவம்."

அக்கா அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, சத்தம் எனக்கும் கேட்டது. நான் பேச வந்த பேச்சு வாயோடு நின்றுவிட்டது. ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. அக்காவின் கலியாணத்தில் நான் பார்த்த அத்தானின் குரல் அது. எத்தனையோ வருடங்களாகப் போனில் கேட்காத குரல்.

ஒரு நாடு எழும்புவதற்குக் கடன், வட்டி, அந்நியச் செலாவணி என்று பெரிய விளக்கங்கள் உண்டு. எல்லாம் தேவைதான். ஆனாலும் அதிகாலையில் யாராவது ஒருவர் துணிந்து கடைக் கதவைத் திறக்கவும் வேண்டியிருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: ஏறக்குறைய 900 கிலோமீற்றர், நின்று நின்று போனால் பதினொரு மணி நேரம். ஆறு மணிக்கு முன் சிட்னியை விட்டுவிடுங்கள். மாலை மங்கினால் கங்காரு குறுக்கே பாயும், கவனம். யாரா புலவார்டுக்குக் கட்டணம் இல்லை. பெற்றோல் வழியில் ஒரு முறை அடித்தால் போதும்.

ஞாயிறு காலை அத்தானை மெல்பேர்ன் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பாதி வழியில் பெற்றோல் விளக்கு எரிந்தது. சனிக்கிழமை முழுக்க ஊருக்கு வெளியே நெடுந்தூரம் சுற்றியதில் அடிக்க மறந்திருந்தேன். பதறிப்போய், முன்னால் தெரிந்த நிலையத்துக்குச் சிக்னல் போட்டேன்.

அத்தான் விளக்கையும் பார்த்தார், நிலையத்தையும் பார்த்தார்.

"விடு சுபா, திரும்பி வரேக்கை அடி. அது எங்கை போகப்போகுது?"