செட்டாப் பாக்ஸின் சூடு

டிவி, பிரிட்ஜ் விற்கும் கடையில் பதினோரு வருடமாக நிற்கிறேன். எதற்கு எத்தனை நட்சத்திரம், எது கரன்ட் குடிக்கும் என்று வருகிறவர்களுக்கு வாய் வலிக்கச் சொல்வதுதான் என் வேலை. அந்தப் புத்தி வீட்டிலும் விடாது. எங்கள் செட்டாப் பாக்ஸை எனக்குக் கண்டாலே ஆகாது. ரிமோட்டில் அணைத்தாலும் சிவப்பாக ஒரு புள்ளி எரியும், மேலே கை வைத்தால் சுடும். அதற்கு நட்சத்திரம் ஒட்டி நான் பார்த்ததே இல்லை.

சித்திரையில் அக்கா மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் கனகசெட்டிக்குளம் போனோம். கிளம்புவதற்கு முன் பால், காய், குழம்பு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டேன். சர்க்கரைக்காக வீட்டுக்காரர் போட்டுக்கொள்ளும் இன்சுலினில், பிரித்த பாட்டிலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். புதியவை இரண்டு பிரிட்ஜ் கதவில் இருந்தன.

அவர் செருப்பு மாட்டும்போது அந்தச் சிவப்புப் புள்ளி கண்ணில் பட்டது. அது செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்சைத் தட்டி அணைத்தேன். சமையலறை பிளக் கருகிப்போனதால் முந்தின வாரம்தான் பிரிட்ஜைக் கூடத்துக்கு நகர்த்தி, அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தோம். அது எனக்கு ஞாபகமே வரவில்லை.

மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீடு, சித்திரை வெயிலில் அனலாகக் கொதிக்கும். ஜன்னல்களையெல்லாம் சாத்திப் பூட்டியிருந்தோம்.

திரும்பி வந்ததும் செய்தி பார்க்க வேண்டும் என்றார். சுவிட்சைப் போட்டேன். மறுநாள் ஃப்ரீசரைத் திறந்தால், கிண்ணத்தில் உதிரியாகப் போட்டிருந்த ஐஸ் கட்டிகள் ஒரே பாளமாக இருந்தன. கரண்டியால் தட்டி உடைத்து மோரில் போட்டுக் கொடுத்தேன்.

புது பாட்டிலைத் தொடங்கிய பிறகு அவருக்குச் சர்க்கரை ஏறியது. இறங்கவே இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கல்யாண வீட்டு லட்டு டப்பா எங்க ஒளிச்சி வச்சிருக்கீங்க?"

"நான் ஒண்ணும் துன்னல."

"அப்ப எப்படி ஏறும்?"

தினமும் இதே சண்டை. அதற்குள் காலில் செருப்புக் கடித்த புண் கறுத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள்.

"ஊசி மருந்த எங்க வைக்கிறீங்க? நடுவுல கரன்ட் போச்சா?" என்று நர்ஸ் கேட்டார்.

உருகி மறுபடி உறைந்திருந்த அந்த ஐஸ் பாளம் என் கண் முன் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மருந்து மேல தப்பில்லமா. நான்தான் திருட்டுத்தனமா லட்டு துன்னுட்டேன். இவ கத்திக்கிட்டேதான் இருந்தா."

அவர் ஒரு லட்டுகூடத் தின்னவில்லை. என் வாய்க்குப் பயந்து சொன்ன பொய் அது. நர்ஸ் அதையே எழுதிக்கொண்டார்.

வீட்டில் மீதியிருந்த மருந்தைக் குப்பையில் போட்டேன். இரண்டு விரல் போய், கட்டோடு திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் செட்டாப் பாக்ஸைப் பார்த்தார்.

"என்னா, சுவிட்ச நிறுத்தலியா?"

"இருக்கட்டும்" என்றேன்.

நான் அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து போன இன்னொரு ஒயரைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனார். அது பிரிட்ஜில் போய் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கட்டுப் போட்ட காலை மெதுவாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.