முனீஸ்வரனுக்குக் குறித்த மொட்டைச் சேவல்

கன்னியம்மாள் வளர்த்த கோழிகளைப் பார்த்துச் சிரிக்காத ஆள் முதலியார்பேட்டையில் கிடையாது. நானும் சிரித்திருக்கிறேன். எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கும் அவளுடையதற்கும் நடுவே ஒரு சுவர்தான், அதுவும் இடுப்பளவு. வேறு வீட்டுக் கோழிகளாக இருந்தால் அதைத் தாண்டி வந்து என் கீரைப் பாத்தியைக் காலி பண்ணியிருக்கும். அவளுடைய கோழிகளால் முடியாது. இறகெல்லாம் வெளிப்பக்கமாகச் சுருண்டு, தலையில் எண்ணெய் காணாத பிள்ளை தூங்கி எழுந்து வந்தது மாதிரி நிற்கும். பறக்கப் பார்த்தால் இரண்டடி எழும்பித் தொப்பென்று விழும். ஒரு தூறல் போட்டால் தோல்வரை நனைந்து நடுங்கும். சுருட்டைக் கோழி என்று அதற்குப் பெயர்.

முதல் கோழி எழுபத்தாறில் வந்தது. அவள் சமையல் வேலை பார்த்த வீட்டுக்காரர் பிரான்சுவா கொடுத்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பிய நம்மூர்த் தமிழர்தான். இப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்போம். அந்தக் கோழி பிரான்ஸிலிருந்து வந்த சாதி என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வில்லியனூர்ச் சந்தையில் வாங்கியது என்று அவர் சம்சாரம் ஸ்டெல்லாமேரி எங்களிடம் சொல்லிவிட்டாள்.

கொடுக்கும்போது அவர் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னார்.

"மறந்துடாத கன்னியம்மா. சுருட்டைய சுருட்டையோட சேக்காத. ஒண்ணு சுருட்டையா இருந்தா இன்னொண்ணு சாதாவா இருக்கணும். கொம்ப்ரீ?"

புரிந்ததா என்று பிரெஞ்சில் கேட்கிறார். "சரிங்க முசே" என்று கன்னியம்மாள் தலையாட்டினாள். தலையாட்டிவிட்டுச் செய்யாமல் இருப்பது அவளுக்குப் பிறவியிலேயே வந்த வித்தை.

அவள் புருஷன் கொளஞ்சி மில்லில் தறி ஓட்டினான். என் ஷிப்டுதான். வேலையில் கெட்டிக்காரன், பொய் பேச மாட்டான், பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்ததில்லை. இதையெல்லாம் முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மிச்சமிருப்பது சாராயம்தான். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் சாராயக்கடை. கொளஞ்சி தடுக்காமலே விழுவான்.

எழுபத்தொன்பது ஆடியில் அவன் வயிறு வீங்கி, கண்ணெல்லாம் மஞ்சளாகி, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். இருபத்திரண்டு நாள். கன்னியம்மாள் தினம் இரண்டு பஸ் மாறிக் கஞ்சி கொண்டுபோனாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இனிமேல் ஒரு கிளாஸ் உள்ளே போனாலும் ஆள் தங்க மாட்டார்.

அன்றைக்கே அவள் ரயில் பாதையோரம் வேப்பமரத்தடியில் இருக்கும் முனீஸ்வரனிடம் போய் நின்றாள். ஒரு வருஷம் என் புருஷன் குடிக்காமல் இருக்கட்டும், என் கோழிகளிலேயே சுருட்டை அதிகமான சேவலை உனக்கு அறுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். சாமிக்குக் கொடுப்பது சாதாரணச் சுருட்டையாக இருக்கக்கூடாது என்று பக்தி முற்றிப்போய்விட்டது. வீட்டிலிருந்த சுருட்டைச் சேவலையும் சுருட்டைப் பெட்டையையும் ஒரே கூடையில் போட்டு மூடினாள். பிரான்சுவா சொன்னது அவளுக்கு நினைவில்தான் இருந்தது. சொல்தாவுக்குத் துப்பாக்கி தெரியும், கோழி என்ன தெரியும் என்று என்னிடம் கேட்டாள்.

பொரித்த குஞ்சுகளில் ஒன்று அவள் கேட்டபடியே வந்தது. ஒவ்வொரு இறகும் தச்சன் இழைக்கிற மரச்சீவல் மாதிரி சுருண்டிருந்தது. கன்னியம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதன் காலில் மஞ்சள் துணி கட்டி, தெருவையே கூப்பிட்டு, இதுதான் முனீஸ்வரன் சேவல் என்று காட்டினாள். அப்படிக் குறித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. விற்கக்கூடாது, வீட்டில் அடித்துத் தின்னக்கூடாது, பதிலுக்கு வேறொன்றைக் கொடுக்கவும் கூடாது.

மூன்றாம் மாதமே இறகு உடைய ஆரம்பித்தது. அளவுக்கு மீறிச் சுருண்ட இறகுக்குத் தாங்கும் பலம் இல்லை. உரசினால் உடைந்தது, உட்கார்ந்தால் உடைந்தது. தை பிறந்தபோது சேவல் மொட்டை. கழுத்தில் நாலு, வாலில் மூன்று, அவ்வளவுதான் மிச்சம். கறிக்கடையில் உரித்து வைத்த கோழி எழுந்து நடந்து வருவது போல இருந்தது. பார்க்க வந்த பிரான்சுவா தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். இழவு வீட்டில்தான் அப்படி நிற்பார்.

குளிருக்கு அது நடுங்கியது. கன்னியம்மாள் மில் துணியில் ஒரு சட்டை தைத்துப் போட்டாள். வெயிலில் தோல் வெடித்தது. தினம் காலையில் வெதுவெதுப்பான மஞ்சள் தண்ணீரை ஊற்றித் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவினாள். அது கண்ணை மூடிக்கொண்டு சொகுசாக நிற்கும். அப்புறம் அவள் போகிற இடமெல்லாம் சட்டையோடு பின்னாலேயே நடக்கும். கொளஞ்சி கட்டிலில் கிடந்த மாதங்களில் அவள் பேசியதெல்லாம் அந்தச் சேவலிடம்தான். அதன்மேல் அவளுக்கு உயிர். வெளியே சொல்லவில்லை. சாமிக்குக் குறித்ததன்மேல் ஆசை வைப்பது குற்றம் அல்லவா?

கொளஞ்சி ஒரு சொட்டுத் தொடவில்லை. ஆனால் சும்மா இருக்கவில்லை. காலண்டரில் நாளை அடித்துக்கொண்டே வந்தான். இது டாக்டருக்காக இல்லை, முனீஸ்வரனுக்கும் தனக்கும் உள்ள ஏற்பாடு, சேவலை அவர் வாங்கிக்கொண்டால் ஆயுசுக்கும் தொட மாட்டேன் என்று சொல்லித் திரிந்தான். அவனுக்கு டாக்டரைவிட முனீஸ்வரனிடம்தான் பயம். அந்தப் பயம் இருக்கிறவரைதான் அவன் உயிர் என்று கன்னியம்மாளுக்கும் தெரியும்.

எண்பது ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பொங்கல் பானையும் சேவலுமாகப் போய், மரத்தடியில் அடுப்பு மூட்டிப் பானையை ஏற்றினோம். பூசாரி அம்மாவாசை சேவலின் சட்டையைக் கழற்றிவிட்டு, கழற்றியிருக்க வேண்டாமோ என்பது போல முழித்தார். பிறகு மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். தண்ணீர் பட்டதும் சேவல் உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதுதான் சாமி உத்தரவு. உதறாமல் கத்தி வைக்கக்கூடாது.

சேவல் உதறவில்லை. இன்னும் கொஞ்சம் தெளித்தார். அது கண்ணை மூடியது. மூன்றாம் தடவை சொம்போடு ஊற்றினார். அது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, எண்ணெய் எப்போது வரும் என்பது போல நின்றது. அதற்கு இது தினசரிக் குளியல். எனக்கும் கன்னியம்மாளுக்கும் அது ஒரே நேரத்தில் புரிந்தது. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சாமிக்கு இஷ்டம் இல்லம்மா" என்றார் அம்மாவாசை.

"வேற சேவல் கொண்டாரட்டுமா?" என்று நான் கேட்டேன்.

"குறிச்சது இது" என்றான் கொளஞ்சி. "வேற குடுத்தா சாமிய ஏமாத்துற மாதிரி. அவரே வேணாம்னுட்டாரு. அப்ப ஏற்பாடு முறிஞ்சிபோச்சி. அவருக்கும் எனக்கும் இனிமே ஒண்ணும் இல்ல."

துண்டை உதறித் தோளில் போட்டான். பாதையைத் தாண்டினால் சாராயக்கடை. பொய்யே பேசாத ஆள் அப்போதும் பொய் சொல்லவில்லை. எங்கே போகிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கன்னியம்மாளின் முகம் செத்துப்போயிற்று. நான் அவன் பின்னால் இரண்டு எட்டு வைத்தேன். இவனைத் தோளில் தூக்கி ஆஸ்பத்திரியில் போட்டவன் நான்.

அவள் ஓடினாள். குடத்தில் மீதியிருந்த மஞ்சள் தண்ணீர் அத்தனையையும் பின்னாலிருந்து அவன் தலையில் கவிழ்த்தாள். கொளஞ்சி திடுக்கிட்டு, தலையிலிருந்து கால்வரை சிலிர்த்து, முழு உடம்பையும் உதறினான்.

"பூசாரி, உத்தரவு கெடச்சிடுச்சி" என்றாள் கன்னியம்மாள். "கத்திய எடுத்துக்கினு வாங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மாவாசை கத்தியைப் பார்த்தார், கொளஞ்சியின் கழுத்தைப் பார்த்தார். "இது நம்ப வழக்கத்துல இல்லியேம்மா" என்றார்.

"இன்னாடி பண்ற?" என்றான் கொளஞ்சி. மூக்கிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது.

"நான் இன்னாய்யா பண்றேன், அவுருதான் கேக்குறாரு. சேவலு வேணாமாம், நீதான் வேணுமாம். அந்தக் கடைக்குப் போனா ஆறு மாசத்துல எப்படியும் அவுருகிட்டதான் போவப் போற. இங்கியே கழுத்தக் குடுத்துட்டுப் போயிடு. மறுபடியும் ரெண்டு பஸ்ஸு ஏறி, கஞ்சிய மடியில வெச்சிக்கினு, நீ உசுரோட இருப்பியா மாட்டியான்னு நெனச்சிக்கினே என்னால வர முடியாது."

கடைசி வார்த்தைகளில் அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. ஊரே பயந்த வாய் அவளுடையது. அது அழுது நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

கொளஞ்சி பாதைக்கு அந்தப் பக்கம் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அப்புறம் துண்டைப் பிழிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மரத்தடியில் வந்து உட்கார்ந்தான்.

"பொங்கல் அடிபுடிக்குது பாரு" என்றான்.