மிலோ துர்ச்சாக் தோற்றுத் தீர்த்த கோடை

மிலோ துர்ச்சாக் என் கடையில் எதையெல்லாம் உடைத்தான் என்று கேட்டால் நாற்காலிகளிலிருந்து ஆரம்பிப்பேன். அப்புறம் கழிவறைக் கதவு. அப்புறம் என் வாடிக்கைக்காரன் ஹாப்பி ஸிம்கோவின் முன்பல். பல் போனதற்காக ஹாப்பி அவன்மேல் கோபித்துக்கொண்டதே இல்லை. "சிரிச்சது நான்தானே" என்பான், ஓட்டை வாயைக் காட்டி.

ஓஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் கார்வர்ஸ் ஃபெர்ரியில் வேலை என்றால் பன்றி ஆலைதான். மிலோ அங்கே கழுத்தறுக்கிறவன். சங்கிலியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வரும் பன்றியின் தொண்டைக்குழியில் கத்தியை இறக்கி, ஒரு திருப்புத் திருப்பி, ரத்தம் பீய்ச்சுவதற்குள் விலகி, அடுத்ததற்குத் தயாராக வேண்டும். இளவட்டமாக அந்த இடத்தில் போய் நின்றவன் நாற்பது தாண்டியும் அங்கேயேதான் நின்றான். அப்பன் பெல்ட்டால் விளாசி வளர்த்த பிள்ளை. பெண்டாட்டி மேலும் பெண் மேலும் கை வைப்பதில்லை என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டிருந்தான். அதைக் காப்பாற்றவும் செய்தான். அவர்களுக்குப் போகாத அடியெல்லாம் சுவர்களுக்கும் மற்ற ஆண்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை மதியம் என் மதுக்கடையின் பின்னறைக்கு வந்துவிடுவான். எங்கள் லீக் நடந்தது அங்கேதான். எட்டுப் பேர், எட்டு பேஸ்பால் அணிகள். ஆட்டக்காரர்கள் எல்லாரும் அந்தக் காலத்து ஆட்கள், முக்கால்வாசிப் பேர் செத்துப்போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. உயிரோடு இருந்தபோது எப்படி ஆடினாரோ அதற்குத் தக்கபடி அட்டையில் அச்சடித்திருக்கும். பகடையை உருட்ட வேண்டியது. விழுந்த எண்ணுக்கு நேரே அட்டை என்ன சொல்கிறதோ, அதுதான் நடந்தது. ஜனவரியில் ஆட்களைத் தேர்ந்தெடுப்போம், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆடுவோம். என் வீட்டுக்காரர் எர்னி இறந்துபோன பிறகு அவருடைய அணி எனக்கு வந்தது. அந்த மேஜையில் பெண் நான் ஒருத்திதான்.

எண்பத்தாறாம் வருஷத்துக்கு முந்தைய இரண்டு வருஷமும் கோப்பை மிலோவுக்கு. அந்த ஜனவரியில் எல்லோருக்கும் முன்னால் ஆன்ஸெல் குரோவின் அட்டையைப் பிடுங்கிக்கொண்டான். குரோ முதல் உலகப் போருக்கு முன்னால் பந்து வீசியவன். மட்டைக்காரனின் விலாவைக் குறிபார்த்து எறிவான், கடைசியில் ஒரு ரயிலடிச் சண்டையில் கத்திக்குத்து வாங்கிச் செத்தான். மிலோ அட்டைக்கு முத்தம் கொடுத்தான். "இவன்தான்டா என் ஆளு." அவன் எடுத்த மற்றவர்களும் அதே ரகம்.

"மச்சான், நீ டீம் எடுக்கலை. ஒரு ஜெயிலையே வாங்கியிருக்கே" என்றான் ரே யானிக்.

ரே மிலோவின் மனைவி லொரெய்னுக்குத் தம்பி. ஆலையில் தொடைக்கறி வெட்டும் பகுதியில் வேலை. ஒல்லி, நிதானம், சிரித்தால் சத்தம் வராது. குடிகாரன் ஒருவனின் அட்டையையும் தொப்பைக்காரன் ஒருவனின் அட்டையையும் வைத்துக்கொண்டே ஜெயித்துவிடுவான். மிலோதான் அவனை ஆலையில் சேர்த்துவிட்டது, லீக்கில் சேர்த்துவிட்டதும் அவன்தான்.

ஏப்ரலில் ஆரம்பித்த தோல்வி நிற்கவே இல்லை. குரோ பந்து போட்டால் அடிபட்ட மட்டைக்காரன் விதிப்படி இலவசமாக முதல் பேஸுக்கு, ஓட்டத்தின் முதல் நிலைக்கு, போவான், அடுத்தவன் வெளுத்துக்கட்டுவான். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை முன்னணியில் இருந்துவிட்டு அதிலே கோட்டைவிடுவது மிலோவின் அணிக்கு வாடிக்கையாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை பகடையைச் சுவரில் எறிந்தான். இன்னொரு சனிக்கிழமை மேஜையைக் குத்தினான், பலகை நடுவாக விண்டது, அவன் முட்டியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஹாப்பி சிரித்ததும் பல் போனதும் அன்றைக்குத்தான்.

"மட்டமான சீசன்னா மட்டமான சீசன்தான் மிலோ. பாதி ஆளுங்க விட்டுட்டு மீன் பிடிக்கப் போயிடுவாங்க" என்றேன், கையில் துணி சுற்றிவிட்டபடி.

"நான் விடமாட்டேன் அக்கா. வந்து உக்காந்து தோப்பேன்."

மே மாதம் ஆலையில் கூலியைக் குறைத்தார்கள், ஆட்கள் வேலைநிறுத்தம் என்று வெளியே வந்துவிட்டார்கள். இரும்பு வாசலில் பீப்பாயில் நெருப்பு மூட்டிக்கொண்டு முறைவைத்து நின்றார்கள். ஜூன் கடைசியில் நிர்வாகம் அவர்களுக்குப் பதிலாக வெளியூர் ஆட்களைப் பேருந்தில் இறக்கியது. முதல் நாளே பேருந்துக் கண்ணாடி ஒன்று பாக்கியில்லை. ஷெரீஃபின் ஆட்கள் தடியோடு பாய்ந்தார்கள். ஒரு கிழவரின் காது பிய்ந்து தொங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். மிலோ ஒரு போலீஸ்காரனைத் தூக்கி நெருப்புப் பீப்பாயின் மேல் எறிந்தான். மூன்று பேர் அவன் முதுகில் ஏறி அடித்துத்தான் கீழே சாய்த்தார்கள். லாக்கப்பிலிருந்து திரும்பி வந்தபோது ஒரு கண் மூடியிருந்தது. நேராகப் பின்னறைக்கு வந்து அந்த வாரத்து ஆட்டத்தையும் ஆடித் தோற்றான்.

ஜூலையில் ரே ஆலைக்குள் வேலைக்குப் போனான்.

யாரும் அவனை ஏமாற்றவில்லை, மிரட்டவும் இல்லை. தன் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டப்பகலில் வாசல் வழியாகவே போனான். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அவனா என்று நம்ப முடியாமல்தான் ஒதுங்கினார்கள். மறுநாள் அவன் வீட்டு நாய் வாசற்படியில் கழுத்தறுபட்டுக் கிடந்தது. ஊரில் எல்லோரும் மிலோவைத்தான் சந்தேகப்பட்டார்கள். "நாயை எதுக்கு நான் வெட்டணும்?" என்றான் மிலோ. நான் நம்பினேன். லொரெய்ன் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை ஆட்ட வரிசைப்படி மிலோவுக்கு எதிரில் ரே. வரமாட்டான் என்றுதான் நினைத்தோம். அட்டைப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். ஹாப்பி தரையில் துப்பினான். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

"இந்த அறைக்குள்ள பகடை மட்டும்தான் உருளணும்" என்றேன். "யாராவது கையை ஓங்கினா ஜென்மத்துக்கும் இங்க பீர் கிடையாது."

ஆடினார்கள். மிலோ பின்தங்கினான், சமன்செய்தான், மறுபடி பின்தங்கினான். கடைசி இன்னிங்ஸில் ரேயின் தொப்பைக்காரன் குரோவின் பந்தைக் கூரைக்கு மேல் அனுப்பிவிட்டான், ஆட்டம் ரேக்கு.

மிலோ கேட்டான், பகடையைப் பார்த்துக்கொண்டே: "ஏன்டா போனே?"

"தோக்கப்போற சண்டை மச்சான். ஆலைக்காரன் இளிச்சவாயன் இல்லை. குளிர்காலத்துல நீங்க எல்லாரும் கையேந்தி நிப்பீங்க. எனக்கு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது, போனேன்."

"தெரிஞ்சா போயிடுறதா?"

"தெரிஞ்சும் உன்னை மாதிரி உக்காந்து தோத்துக்கிட்டே இருக்கணுமா?"

மிலோ எழுந்து வெளியே போனான். மூச்சு வாங்கப் போகிறான் என்று நினைத்துக் குவளைகளை எடுத்தேன். கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. ரே ஓடினான், நாங்கள் பின்னால் ஓடினோம். வண்டி நிறுத்துமிடத்தில் மிலோ ரேயின் பிக்கப்பைக் கோடரிக் காம்பால் அடித்துக்கொண்டிருந்தான். விளக்குகள் போய்விட்டன. ரே குறுக்கே பாய்ந்து முன்கண்ணாடிக்கு முன்னால் கையை நீட்டினான். காம்பு கீழே வந்துகொண்டிருந்தது. நிறுத்தியிருக்க முடியுமா என்று பின்னால் பலர் பேசினார்கள். நான் பார்த்தேன்: முதல் அடியை நிறுத்தியிருக்க முடியாது. இரண்டாவதை நிறுத்தியிருக்கலாம். வண்டி மூடியின் மேல் கிடந்த அதே கையில் இரண்டாவதும் இறங்கியது. காய்ந்த சுள்ளி முறிவதைப் போல ஒரு சத்தம். ரே கத்தவில்லை, வாயைத் திறந்து திறந்து மூடினான்.

மூன்றாவதற்குக் காம்பு மேலே போனபோது என் கையில் பீப்பாய் தட்டும் மரச்சுத்தியல் இருந்தது. மிலோவின் தோள்பட்டையில் என் பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு போடு போட்டேன். காம்பு விழுந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் அடுத்தது எனக்குத்தான் என்று நினைத்தேன். சுத்தியலை மறுபடி ஓங்கினேன்.

"வா, வாடா! உங்கப்பன்கிட்ட வாங்கினது பத்தலைன்னா என்கிட்ட வாங்கிக்கோ!"

அவன் அப்படியே சரளைக் கற்களில் உட்கார்ந்துவிட்டான். ரேயை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஜாக்கி வழுக்கி வண்டி கைமேல் விழுந்தது என்று அவனே டாக்டரிடம் சொன்னான். ஷெரீஃப் வந்து கேட்டபோதும் அதையேதான் சொன்னான்.

லொரெய்னிடம் அந்தக் கதை செல்லவில்லை. மிலோவின் துணிமணிகளை ஜன்னல் வழியாக எறிந்தாள். "என்மேல கை வெக்கலைன்னு பெருமைப்பட்டுக்கிட்டியே, என் தம்பி கை யாரோட கைடா?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். மிலோ தொழிற்சங்கக் கட்டிடத்தில் மடக்குக் கட்டிலில் படுக்க ஆரம்பித்தான்.

ஆகஸ்டில் ரே மாவுக்கட்டோடு வேலைக்குத் திரும்பினான். வாசலில் கூட்டம் அவன் வண்டியைச் சூழ்ந்துகொண்டு குலுக்கியது. மிலோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போய், இறக்கியிருந்த கண்ணாடி வழியாகக் குனிந்தான். என்ன சொல்லப் போனான் என்று நான் பிறகு கேட்டதற்கு, "எனக்கே தெரியலை அக்கா" என்றான். சொல்ல நேரமும் கிடைக்கவில்லை. ரே மாவுக்கட்டைச் சுழற்றி அவன் முகத்தின் நடுவில் அடித்தான். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இன்னொரு தரம் அடித்தான், மாவுக்கட்டே பிளந்தது. இந்த முறை வலி தாங்காமல் கத்தியது ரே. மிலோ முகத்தைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான், ரத்தம் விரல்களுக்கிடையே சட்டையில் கொட்டியது. சங்கத்து ஆட்கள் ரேயைக் கதவு வழியாக இழுக்கப் பாய்ந்தார்கள்.

"விடுங்கடா!" என்றான் மிலோ. யாரும் விடவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவனைப் பிடித்துத் தள்ளினான். அவன் திருப்பி அடித்தான். அதற்குள் ஷெரீஃபின் ஆட்கள் புகுந்துவிட்டார்கள். கண்ணீர்ப் புகையும் தடியுமாக யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ரேயின் வண்டி எப்படியோ உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து சங்கத்தில் பாதிப் பேர் மிலோவோடு பேசவில்லை.

செப்டம்பரில் கடைசி ஆட்டங்கள். மிலோ எப்போதோ கடைசி இடத்துக்குப் போயாகிவிட்டது. அவன் வராவிட்டாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வந்தான், மூக்கில் கட்டோடு. ரேயும் வந்தான், வலதுகை கழுத்தில் கட்டிய துணித் தூளியில். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் சுத்தியலை மேஜைமேலேயே வைத்துக்கொண்டேன்.

ரே இடது கையால் உருட்டினான். பகடை அவன் சொன்னபடி கேட்கவில்லை, தரையில் ஓடியது. மிலோ குனிந்து எடுத்து, விழுந்திருந்த எண்ணைச் சொல்லி, மேஜையில் வைத்தான். தனக்குப் பாதகமான எண்தான், ஆனாலும் உள்ளபடியே சொன்னான். கடைசி இன்னிங்ஸில் சமநிலை, மூன்று பேஸிலும் ரேயின் ஆட்கள், பந்து குரோவின் கையில். ரே உருட்டினான். அட்டையில் போட்டிருந்தது: மட்டைக்காரன் மேல் பந்து பட்டது. அடிபட்டவன் முதல் பேஸுக்குப் போக, மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பேஸ் நகர, மூன்றாவது பேஸில் நின்றவன் நடந்தே வந்து வெற்றி ரன்னை எடுத்துவிட்டான்.

"எங்க அடிச்சான் அவனை?" என்றான் மிலோ.

"அது அட்டையில போட்டிருக்காது."

"கையிலதான் இருக்கும்" என்றான் மிலோ. ரே அட்டைகளை ஒற்றைக் கையால் அடுக்கத் தடுமாறிக்கொண்டிருந்தான். உதவ மிலோ கையை நீட்டினான். "தொடாதே" என்றான் ரே. மிலோ கையை இழுத்துக்கொண்டான்.

வேலைநிறுத்தம் நவம்பரில் சோர்ந்து விழுந்தது. மிலோவைத் திரும்ப எடுக்கவில்லை. ஆற்றங்கரைப் பழைய இரும்புக் கிடங்கில் கார்களை நசுக்கும் எந்திரத்தில் வேலைக்குப் போனான். லொரெய்ன் அந்தக் குளிர்காலத்தில் கதவைத் திறந்தாள். ஆனால் பண்டிகைச் சாப்பாட்டுக்கு ரே வந்தால் மிலோ வெளியே போய்விட வேண்டும் என்பது பேச்சு. அப்படியே நடந்தது, வருஷக்கணக்காக. ரேயின் விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. கத்தி பிடிக்க முடியாதவனை ஆலை தரை கழுவ விட்டது. இரண்டு வருஷம் கழித்து ஆலையையே இழுத்து மூடிவிட்டுப் போனார்கள். உள்ளே போனவனும் வெளியே நின்றவனும் அரசாங்கம் இனாமாகக் கொடுத்த வெண்ணெய்க்கு ஒரே வரிசையில் நின்றார்கள்.

ரே பிழைப்புத் தேடிக் கென்டக்கிக்குப் போனான். லீக்கிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடலாமா என்று ஹாப்பி கேட்டபோது மிலோதான் மறுத்தான். அதனால் ரேயின் ஆட்டம் இப்போது தொலைபேசியில் நடக்கிறது. ரே அங்கிருந்து யாரை இறக்குவது என்று சொல்வான். மிலோ இங்கே இருவருக்குமாக உருட்டி, விழுந்ததைச் சொல்வான். சொந்தக்காரர்கள் பேசும் பேச்சு ஒன்றும் இருக்காது. குடும்பம் சௌக்கியமா என்றுகூடக் கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

போன மாதம் நான் குறுக்கே ரிசீவரை வாங்கி, "அவன் சொல்ற நம்பரை அப்படியே நம்பிடறியா ரே? வேற ஆளை வெச்சு சரிபார்க்க வேணாமா?" என்று கேட்டேன்.

"அவனுக்கு அடிக்கத் தெரியும் அக்கா, பொய் சொல்லத் தெரியாது" என்றான் ரே. "போனை அவன்கிட்ட குடுங்க. ரெண்டு அவுட்டு, முதல் பேஸ்ல ஆள் நிக்குது."

கொடுத்தேன். மிலோ பகடையை எடுத்தான்.