சந்தனத்தில் அழிந்த எண்

நான் குறட்டை விடுவேன். இதை எழுத எனக்கு இப்போது வெட்கமில்லை. பெண்கள் குறட்டை விடமாட்டார்கள் என்று நினைப்பவர்கள் என் வீட்டுக்காரரைக் கேட்கலாம். ரெங்கம் என்ற எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர்களையும் கேட்கலாம்.

குறட்டை மட்டும் என்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் கண் மூடாதவள் போலத்தான் எழுவேன். நான் செய்வதோ தொழிற்சாலை பஸ் ஓட்டும் வேலை. ரெங்கத்தில் ஆள் ஏற்றி, செடெனாக் வழியாகக் கூலாய் வரை நாற்பது பேரைக் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் எல்லோரையும் இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸோடு திரும்பும்போது, சிவப்பு விளக்கில் நின்றவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்ன் அடித்து எழுப்பினார். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனேன்.

அங்கே சோதித்துவிட்டு மூச்சுக் கருவி எழுதிக் கொடுத்தார்கள். ரேடியோ அளவுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்குக்கு ஒரு மூடி. பெட்டி காற்றை அழுத்தி அனுப்பிக்கொண்டே இருக்கும், மூச்சு நிற்காது. அது வந்த ஒரே வாரத்தில் நான் வேறு மனுஷியானேன். தினமும் அதை மாட்டித் தூங்குகிறேன் என்று டாக்டர் கடிதம் கொடுத்த பிறகுதான் தவுக்கே, அதாவது எங்கள் பஸ் முதலாளி, என்னிடம் மறுபடி சாவியைக் கொடுத்தார்.

நான்கு வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகள் கூப்பிட்டாள். "அம்மா, உங்க மெஷின செஞ்ச கம்பெனியே திருப்பி வாங்குதாம். உள்ள இருக்கிற பஞ்சு தூளாகி மூச்சோட போகுதாம். யூஸ் பண்ணாதீங்க."

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். டாக்டரும் நிறுத்தச் சொன்னார். "மாற்று மெஷின் வர்ற வரைக்கும் பஸ் ஓட்டக்கூடாது" என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தவுக்கேகிட்ட சொல்லாத லா," என்றார். "கொஞ்ச நாளு சமாளி. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே," என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

மறுநாள் தவுக்கேயின் மேசையில் சாவியை வைத்தேன். மலாய் மொழியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண் தெரியாததை மறைத்த டிரைவரைத் தனக்குத் தெரியும், லைசென்ஸ் முடிந்ததை மறைத்த டிரைவரையும் தெரியும், தானே வந்து சொன்ன ஆள் நான்தான் என்றார். பாராட்டு அதோடு முடிந்தது. இரண்டு மாதம் பார்ப்பாராம். அதற்குள் டாக்டர் கடிதம் வராவிட்டால் என் பஸ் வேறு ஆளுக்கு நிரந்தரமாகப் போய்விடுமாம். அதுவரை டிப்போவில் நின்று, எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போகிறது என்று எழுதச் சொன்னார்.

மூச்சுக் கருவியை விற்ற கடைக்குப் போன் செய்தேன். ஒரு தமிழ்ப் பெண் பேசினாள். பதிவு செய்ய சீரியல் நம்பர் வேண்டும், பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் என்றாள். கவிழ்த்துப் பார்த்தேன். கடைசி மூன்று எண்தான் தெரிந்தது. மீதி இடம் மஞ்சள் கறையோடு வெறுமையாகக் கிடந்தது.

யாரைத் திட்டுவது? எல்லாம் என் வேலைதான். வருடா வருடம் ஆயுத பூஜைக்குப் பஸ்ஸைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறேன். சோறு போடுவது பஸ் என்றால், என்னைப் பஸ்ஸில் உட்காரவைப்பது இந்தப் பெட்டி. அதற்கு மட்டும் பொட்டு இல்லாமல் இருக்கலாமா? முன்பக்கம் வைத்தால் திரை கெட்டுப்போகும் என்று மகா புத்திசாலித்தனமாக அடியில் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். நான்கு பூஜை, நான்கு துடைப்பு. எண் போய்ச் சேர்ந்தது.

"ஸ்டிக்கர் எப்படி ஆண்ட்டி அழிஞ்சிச்சு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"சாமி கும்பிட்டேன்மா."

"எங்கம்மா என் ஒபிஸ் லேப்டாப்புக்கே பொட்டு வச்சிட்டாங்க ஆண்ட்டி," என்றாள். ஆனாலும் முழு எண் இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாள். ரசீதைக் கேட்டாள். வீட்டுக்குள் வெள்ளம் வந்த வருடம் ரசீது அதோடு போயிருந்தது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. டிப்போவில் நோட்டும் பேனாவுமாக நின்றேன். என் பஸ்ஸைப் புதிதாக வந்தவர் வெளியே எடுப்பார். கியர் போடும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும். எனக்குப் பல் கூசும். ஓடிப்போய் அவரை இறக்கிவிடலாமா என்றுகூட இருக்கும். பொறாமைதான், வேறென்ன.

மூன்றாம் நாள் ஒரு பஸ்ஸைப் பரிசோதனைக்கு அனுப்பத் தயார் செய்தார்கள். சேசிஸ் எண் இருக்கும் தகடு துருவேறிப்போயிருந்தது. மெக்கானிக் அதற்கெல்லாம் அசரவில்லை. அதே எண் வண்டியின் இரும்புச் சட்டத்திலும் வெட்டியிருக்கும் என்று வண்டிக்கு அடியில் புகுந்து தேய்த்துப் பார்த்தார். இருந்தது. நான் நோட்டை மூடினேன். வண்டி செய்கிறவர்கள் ஒரே எண்ணை இரண்டு இடத்தில் போடுகிறார்கள் என்றால், மூச்சுக் கருவி செய்கிறவர்கள் மட்டும் ஒற்றை ஸ்டிக்கரை நம்பியா இருப்பார்கள்?

வீட்டுக்கு வந்ததும் குளிக்கக்கூட இல்லை. மூடியை மாட்டாமல் பெட்டியை மட்டும் ஓடவிட்டுத் முன்னால் இருக்கும் குமிழைத் திருப்பித் திருப்பித் திரையில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். காற்றின் அளவு, ஈரத்தின் அளவு, எத்தனை மணி நேரம் ஓடியது என்று என்னென்னவோ வந்தது. கடைசிப் பக்கத்தில் நீளமாக ஓர் எண். அதன் கடைசி மூன்றும் ஸ்டிக்கரில் மிஞ்சியிருந்த மூன்றும் ஒன்றுதான். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நீ மெக்கானிக்காவே போயிருக்கலாம்," என்றார். கிண்டல்தான். ஆனால் முகத்தில் சந்தோஷம் இருந்தது.

எண்ணைச் சொன்னதும் பதிவு ஆனது. ஆனால் மாற்றுக் கருவி வர ஆறு மாதம் ஆகலாம் என்றாள் அந்தப் பெண். எனக்கு இருந்ததோ இரண்டு மாதத்தில் மிச்சம். மருத்துவமனைக்கு நேரில் போய், நான் ஆள் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவள் என்று டாக்டரிடம் கடிதம் வாங்கினேன். அதைக் கடைக்கு அனுப்பினேன். வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்து என்ன ஆயிற்று என்று கேட்டேன். வரிசையில் முந்துவது எனக்குப் பிடிக்காத காரியம். ஆனால் அந்த நாற்பது பேரைக் கரகர கியரிடம் விட்டுவைப்பது அதைவிடப் பிடிக்கவில்லை.

ஐந்தாவது வாரம் மாற்றுக் கருவி வந்துசேர்ந்தது. வேறு மாடல், சத்தம் குறைவு. இரண்டு வாரம் மாட்டித் தூங்கிவிட்டு, தூங்கிய கணக்கைப் பதிந்துவைக்கும் அதன் கார்டைக் கழற்றிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். பதினான்கு நாளுக்கும் பதினான்கு பச்சைக் கோடு. ஒரு நாள்கூடத் தவறவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படி மார்க் வாங்கியதில்லை.

"போய் ஓட்டுங்க," என்றார் டாக்டர்.

தவுக்கே கடிதத்தை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தார். சாவியை மேசையில் தள்ளாமல், எழுந்து வந்து என் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை ஷிப்ட். ரெங்கத்தில் ஏறியவர்கள் என்னைப் பார்த்ததும், "அக்கா வந்துட்டாங்க," என்று ஆளாளுக்கு ஒரு வார்த்தை சொன்னார்கள். ஊரைத் தாண்டி எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் வந்தபோது பின்னால் பேச்சு நின்றுபோயிருந்தது. என்ன ஆயிற்று என்று கண்ணாடியில் பார்த்தேன். தலை சாய்த்து, வாய் பிளந்து, பக்கத்து ஆளின் தோளில் விழுந்து, நாற்பது பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கூலாய் வரும்வரை நான் ஒரு கொட்டாவிகூட விடவில்லை.