எட்டாம் எண் நத்தை

மழை பிடித்ததும் எங்கள் காம்பவுண்டுச் சுவரில் நத்தைகள் ஏறத் தொடங்கின. உள்ளங்கையை நிறைக்கும் பெரிய நத்தைகள். உப்புப் போட்டால் செத்துவிடும் என்றார்கள். உப்புப் பட்டதும் அவை நுரைத்துச் சாவதை ஒருமுறை பார்த்திருந்த எனக்குக் கை வரவில்லை. காலையில் பொறுக்கிச் சுவருக்கு அந்தப்பக்கம் போட்டுவிடுவேன். அங்கே பக்கத்து வீட்டு அக்காவின் கீரைப் பாத்தி இருந்தது. வாரம் ஒரு கட்டு எங்களுக்கும் தருவார்.

போட்டவை திரும்பி வருகின்றனவா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவு என் பொறுப்பு. எண் போடாத துணிக்கட்டு எங்கள் மேசையை விட்டு நகராது. அதே மார்க்கர் பேனாவால் ஓடுகளில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதிச் சுவருக்கு அந்தப்பக்கம் போட்டேன்.

அந்த வாரக் கீரையில் இலைக்கு இலை ஓட்டை.

"என்னங்க்கா, கீரை சல்லடையாட்ட இருக்குது?"

"நத்தைங்க தம்பி. எங்கிருந்துதான் வருதோ தெரியலீங்க."

"அடப் பாவமே" என்றேன். அப்போது வாய் கூசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சுவர்மேல் வெறும் ஓடுகள் கழுவி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் என் கையெழுத்தில் எண். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஓர் இடம் விட்டிருந்தது. அந்தப்பக்கம் அக்கா வாளியோடு நின்றார்.

"எட்டாம் நம்பரு மட்டும் இன்னும் சிக்கலீங்க தம்பி. தேடிட்டிருக்கேன்."

நான் ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊட்டுக்கு வழி மறந்துரக் கூடாதுன்னு நம்பர் போட்டு உட்டீங்களாக்கு?"

"கொல்ல மனசு வரலீங்க்கா."

"எனக்கு மட்டும் வந்துதுன்னு நெனைச்சீங்களா?"

வாளியைச் சாய்த்துக் காட்டினார். உப்புத் தண்ணீரில் இன்னும் சில நத்தைகள் நுரைத்துக் கிடந்தன. அவர் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. தினமும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போடுவாராம். என் கை சுத்தமாக இருந்தது. அதைச் சுவருக்குக் கீழே இறக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை எங்கள் வாசற்படியோரம், செம்பருத்தித் தொட்டிக்கு அடியில் எட்டு இருந்தது. மழையில் மை கொஞ்சம்தான் மங்கியிருந்தது. பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். பிறகு சுவரோரம் போனேன்.

"அக்கா, எட்டு இங்கதான் இருக்குதுங்க."

அந்தப்பக்கம் கூட்டுகிற சத்தம் நின்றது.

"உப்பு இருக்குதுங்களா தம்பி?"

"இருக்குதுங்க்கா" என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு வாளியை எடுக்கப் போனேன்.