தட்டிப் பார்த்து வாங்கிய கடப்பாரை

கோவிந்தராசுவோட அப்பாவும் என் மாமனாரும் கூடப்பிறந்தவங்க. அதனால அவன் எனக்குக் கொழுந்தன் முறை. எந்தச் சாமானை வாங்கினாலும் விரல் முட்டியால் தட்டி, காதைப் பக்கத்தில் கொண்டுபோய் கேட்டுவிட்டுத்தான் வாங்குவான்.

பானை சட்டி செய்கிற எங்க சனத்தில் எல்லாருக்கும் இது உள்ளதுதான். சூளையிலிருந்து இறக்கின பானையைத் தட்டினால், நல்லா வெந்தது கணீர்னும். விரிசல் விட்டதும் வேகாததும் மொத்துனு அடங்கிப் போகும். ஆனா கோவிந்தராசு அதோட நிக்கலை. பூசணிக்காயைத் தட்டினான், கதவைத் தட்டினான், சைக்கிளைத் தட்டினான். பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பி வந்த எவர்சில்வர் டம்ளரைக்கூடத் தட்டிக் கேட்டான். பெண்ணைத் தட்டிப் பார்க்க விடமாட்டாங்க, அதனால வீராயி தப்பித்தாள். இல்லை, மாட்டிக்கிட்டாள்.

வீராயி கருவேப்பிலங்குறிச்சி மாணிக்கவேல் மகள். அந்த மனுசன் செத்தபோது அவள் பங்குக்கு அரைக் காணி மேட்டுநிலம் வந்தது. மேலே ஒரு முழம் செம்மண், அதுக்குக் கீழே சுக்கான் கல் இறுகி, பாறையா இருக்கும். முள்ளைத் தவிர எதுவும் அங்கே மனசாரப் பிடிச்சு முளைச்சதில்லை. பக்கத்து நிலம் அவளோட அண்ணன் பக்கிரியுடையது. ரெண்டையும் சேர்த்து வேலி போட்டு முந்திரி வைக்கணும்னு பக்கிரிக்கு ஆசை. அதனால, விருத்தாசலத்தில் ஆத்துப் பக்கம் தன் பேரில் இருந்த மனையைத் தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்துட்டு, இந்த நிலத்தை மாத்திக்கிறேன்னான்.

வீராயிக்குச் சந்தோசம் தாங்கலை. அப்போ எங்க வீட்டுப் பின்கட்டில் ஒரு தகர அறையில்தான் அவங்க குடித்தனம். ஒரு குழாயடியில் ஆறு குடம் வரிசை நிக்கும். சொந்தமா ஒரு வாசல், அதில் தானே கோலம் போடணும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

கெடுத்தது ஒரு வேலமரத்து வேர். டவுனில் எஸ்.டி.டி. பூத்து புதுசா முளைச்ச வருசம் அது. விறகுக்காக அந்த நிலத்தில் ஒரு வேரைப் பிடுங்கின கோவிந்தராசு, நுனியில் வெள்ளையா மண்ணு ஒட்டியிருந்ததைப் பார்த்துட்டான். பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டை அச்சடிக்கிற வேலை அவனுக்கு. லாரியில் வந்து இறங்குற வெள்ளைக் களிமண்ணைத் தினமும் பிசைஞ்ச கை. போதாதா? அன்னிக்குச் சாயங்காலமே டீக்கடையில், "எங்கேயோ இருந்து என்னாத்துக்கு லாரி வெச்சு மண்ணு கொண்டாராங்க? என் நெலத்துலயே இருக்குது"ன்னு முதலாளி மாதிரி கால் மேல் கால் போட்டுச் சொன்னானாம். மனையை மாத்த முடியாதுன்னும் சொல்லிட்டான்.

பக்கிரி கோபப்படலை. "மாப்ள, பொங்கல் வரைக்கும் பாரு. மண்ணு இருந்தா நீயே வெச்சுக்க. அதுக்குள்ள தோண்டி முடிக்கலன்னா மனையை வேற ஆளு கேக்குறான், குடுத்துடுவேன்"னான்.

அப்போ கார்த்திகை மாசம். ஒழுங்கா தோண்டியிருந்தா ஒரு வாரத்தில் தெரிஞ்சிருக்கும். ஆனா தோண்ட ஆயுதம் வேணுமே. கிளம்பினான் மங்கலம்பேட்டைக்கு, முஸ்தபா இரும்புக்கடைக்கு. வூட்டுக்கு ஒரு வாணலி வாங்க நானும் கூடப் போயிருந்தேன்.

"வாங்கண்ணே. என்னா பாக்குறீங்க?"

"கடப்பாரை. சுக்கான் நெலம். ஆளு ஆழம் போவணும்."

முஸ்தபா மூலையிலிருந்து குட்டையா, தடியா ஒண்ணை எடுத்துப் போட்டார். "இதை எடுத்துக்குங்க. வேப்பூர்ல ஒடஞ்ச லாரி ஆக்சில்ல அடிச்சது. நல்ல கனம். நீங்க தூக்கி வுட்டா போதும், அது பாட்டுக்கு எறங்கும்."

கோவிந்தராசு அதை ஒரு கையால் தூக்கிப் பிடிச்சு, ஒரு இரும்புத் துண்டால் தட்டினான். மொத்துன்னுது. "செத்த சத்தம்"னு கீழே வெச்சான்.

"அண்ணே, இது சட்டி இல்ல. இதுல நீங்க கொழம்பு வெக்கப் போறதில்ல."

கடையில் இருந்த அத்தனை கடப்பாரையும் அன்னிக்குத் தட்டு வாங்கிச்சு. கடைசியில் நீளமா, ஒல்லியா ஒண்ணு கணீர்னுது. பிள்ளை பிறந்த சேதி கேட்ட மாதிரி அவன் முகம் மலர்ந்து போச்சு.

"அது வண்டல் மண்ணுல வேலிக்காலு நடறதுக்கு அண்ணே. சுக்கான்ல அது ஆடும்."

"சத்தம் பொய் சொல்லாது முஸ்தபா."

"சொல்லாதுங்க. மிச்சத்தை உங்க கை சொல்லும்"னு முஸ்தபா சாக்குக் கயிறு எடுத்துக் கட்டிக் கொடுத்தார். கூடவே ஒரு பிக்காசு. அதோட காம்பு வார்னிஷ் அடிச்சு வழவழன்னு இருந்தது, மண்பாண்டக்காரன் கைக்கு வழவழப்புன்னா உயிராச்சே. அப்புறம் அகலமா ஒரு மம்முட்டி, அதுவும் நல்லா சத்தம் கொடுத்ததால. பஸ்ஸில் கடப்பாரையை நட்டமா நிறுத்திக்கிட்டு வந்தான். கண்டக்டர், "பெரியவருக்கு ஒரு டிக்கெட்டு எடுத்துடுங்க"ன்னு அதைக் காட்டிச் சொன்னார். பஸ்ஸே சிரிச்சுது. இவன் சிரிக்கலை.

நல்ல நாள் பார்த்து, மூணுக்கும் மஞ்சள் குங்குமம் வெச்சு, சூடம் காட்டி, முதல் குத்து குத்தினான். கணீர்! அந்தச் சத்தம் பக்கிரியோட மோட்டார் கொட்டகை வரைக்கும் கேட்டுச்சு. நிலத்தில் நகம் கீறின அளவுக்கு ஒரு கோடு விழுந்தது. கடப்பாரை ஆடின ஆட்டத்தில் அவனுக்குப் பல்லு கூசிப் போச்சு. உச்சி வெயில் வர்றதுக்குள்ள அது வில்லா வளைஞ்சிடுச்சு. சரின்னு பிக்காசை ஓங்கினான். வேர்த்த கையில் வார்னிஷ் காம்பு நிக்குமா? பறந்து போய் முள்ளுப் புதர்ல விழுந்தது. மம்முட்டியோ சுக்கான் மேல பட்டு எகிறி, ஒரு கூடை மண்ணுகூட அள்ளாம, வாயை மட்டும் மழுங்கடிச்சுக்கிச்சு.

கையெல்லாம் கொப்புளத்தோட வந்து, "கடப்பாரை இன்னும் நல்லதா வேணும் அண்ணி"ன்னான். மறுபடி மங்கலம்பேட்டை. மறுபடி தட்டல். மறுபடியும் ஒல்லியா, கணீர்னு ஒண்ணு. மார்கழி பாதி போயிடுச்சு.

வீராயி அதுக்கு மேல பொறுக்கலை. "யோவ், நீ தட்டினது போதும்"னு சொல்லிட்டுப் பொறந்த வூட்டுக்குப் போனாள். அவங்க அப்பா சூளை வாயை உடைக்க வெச்சிருந்த குட்டைக் கடப்பாரை கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்துக்கிட்டு துருப் பிடிச்சுக் கிடந்தது. அதை எடுத்துக்கிட்டு வந்தாள். அவன் ஓடிவந்து தட்டிப் பார்த்தான்.

"மொத்துங்குதுடி. இதைக் கொண்டா?"

"நான் குத்த எடுத்தாந்தேன். பாட்டுக் கேக்கவா எடுத்தாந்தேன்?"

சாயங்காலம் அண்ணன் பம்புசெட்டிலிருந்து குடம் குடமா தண்ணி கொண்டாந்து குழியில் ஊத்தி, சாக்கைப் போட்டு மூடிட்டு வருவாள். காலையில் ஊறின சுக்கான் மேல அந்தக் குட்டைக் கடப்பாரையைத் தூக்கித் தூக்கி விடுவாள். பெரிய பெரிய கட்டியா பெயர்ந்து வரும். ஊரே அவளைப் புருசன் பேச்சுக்கு உழைக்கிறவள்னு புகழ்ந்துச்சு. எனக்குத்தான் தெரியும், கீழே ஒண்ணும் இல்லைன்னு காட்டத்தான் அவள் தோண்டினாள். வெறும் குழியைக் காட்டிட்டா மனை அவளுக்கு.

இடுப்பளவு போனபோது நான் சோறு கொண்டு போயிருந்தேன். குழிக்குள்ளே உக்கார்ந்திருந்தாள்.

"அக்கா, வெள்ளையா வருதுக்கா."

எட்டிப் பார்த்தேன். வெளுத்துப் போய்க் கிடந்துச்சு, அவள் முகம் மாதிரியே. மேலே குவிச்சிருந்த மண்ணையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாள். நாலு கூடை தள்ளினா போதும், யாருக்குத் தெரியும்? அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு எழுந்தாள்.

"மூடினா சாவுற வரைக்கும் இந்த ஆளு தோண்டிக்கிட்டே இருப்பாரு. வாக்கா, போய்ச் சொல்லுவோம்."

கோவிந்தராசுவை அன்னிக்குப் பார்த்திருக்கணும். "மச்சான் இனிமே என் கம்பெனியில வேலை கேட்டு வருவான்"னான். கம்பெனிக்குப் பேரும் வெச்சாச்சு. அந்த மண்ணைப் பிசைஞ்சு உள்ளங்கை அளவு ஒரு வில்லை தட்டி, வேலை செய்யிற இடத்துச் சூளையில் ஒரு ஓரமா வெச்சுச் சுட்டான். அது வெந்து ஆறி வர்ற வரைக்கும் வீராயிக்குச் சோறு இறங்கலை.

போகி அன்னிக்குக் காலையில் துண்டில் சுத்திக்கிட்டு வந்தான். பழம்பாயெல்லாம் எரிச்ச புகை இன்னும் தெருவில் இருந்தது. பதில் கேட்கப் பக்கிரியும் வந்து நின்னான். கோவிந்தராசு துண்டைப் பிரிச்சு, வில்லையை உள்ளங்கையில் ஏந்தி, எல்லாரும் கேட்கட்டும்னு விரல் முட்டியால் தட்டினான்.

மொத்.

இன்னொரு தரம் தட்டினான். காதைக் கிட்டே கொண்டு போனான். வில்லையோட மூலை மாவா உதிர்ந்து அவன் மீசையில் ஒட்டிச்சு.

"சுண்ணாம்பு! அக்கா, ஒரு வெத்தல குடுங்க, தடவிப் பாப்போம்"னான் பக்கிரி.

யாராவது வேற ஆள் சொல்லியிருந்தா கோவிந்தராசு பொங்கல் கழிஞ்சும் வழக்காடியிருப்பான். சொன்னது சத்தமாச்சே.

"ஏன்யா, என்னா சொல்லுது?"ன்னாள் வீராயி.

"வேகல."

"வேகலியா, வேகாதா?"

வில்லையை இப்படியும் அப்படியும் திருப்பினான். "வேகாது"ன்னான். அப்புறம் குனிஞ்ச தலை நிமிராம, "மச்சான், மனையை எழுதிடு."

வீராயி விளக்குமாத்தை எடுத்து, உதிர்ந்த மாவைக் கூட்டிப் போகி நெருப்பில் கொட்டிட்டு வந்தாள்.

தை பிறந்ததும் மனையில் வூட்டுக்குக் கடைக்கால் தோண்டினாங்க. ஆத்தோரத்து வண்டல். கோவிந்தராசு தன்னோட ரெண்டாவது கடப்பாரையைக் கொண்டாந்து குத்தினான், வெண்ணெயில் இறங்கின மாதிரி இறங்கிச்சு. "பாத்தீங்களா, கடப்பாரை மேல தப்பே இல்ல"ன்னு வந்தவன் போனவன் கிட்டயெல்லாம் சொன்னான். வளைஞ்ச முதல் கடப்பாரையை மூலையில் நட்டு, வீராயி துணிக்கொடி கட்டிட்டாள்.

செங்கல் வண்டி வந்தபோது அவன் உக்கார்ந்து ஒவ்வொரு கல்லா எடுத்துத் தட்டிக் கேட்க ஆரம்பிச்சான். வண்டிக்காரன் தலையில் அடிச்சுக்கிட்டான்.

"இறக்கிப் போட்டுட்டு நான் போவ வேணாமா? உங்க வூட்டு ஆளைக் கொஞ்சம் கூப்புடும்மா"ன்னான் வீராயிகிட்டே.

"இரு, தட்டட்டும். இத்தனை நாளு கழிச்சு இப்பதான் சரியான சாமானைத் தட்டுறாரு"ன்னு சொல்லிட்டு, மொத்துன்னு சொன்ன கல்லையெல்லாம் அவளே பொறுக்கித் திரும்ப வண்டியில் ஏத்தினாள்.